நாலு மணி வேன்

கிழக்குத் தாம்பரம்,
16.06.2025

அன்புள்ள கங்கம்மா அக்காவுக்கு,

ஜெரூஷா எழுதுவது. தேவ கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அண்ணனும் சுகமாயிருக்கிறீர்கள் என்று ஜெயஸ்ரீ சொன்னாள்.

இந்தக் காலத்தில் தபாலில் கடுதாசியா என்று சிரிப்பீர்கள். இரண்டு குப்பமும் மோதிக்கொண்ட அந்தக் கலவரத்தை மூட்டியது போனில் வந்த ஒரு குரல் பதிவுதானே. அதிலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு ஏற்பாடு. வீட்டுக்குச் சொல்ல வேண்டியது எதையும் போனில் அனுப்புவதில்லை. கையால் எழுதி, கீழே பெயர் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். ஆசிரியர் ஒருவருக்கு ஆறு வீடு. ஜெயஸ்ரீ பத்தாம் வகுப்புக்கு என்னிடம் வந்திருப்பதால் உங்கள் வீடு என் பங்குக்கு வந்தது. நானாகக் கேட்டு வாங்கவில்லை. தட்டிக் கழிக்கவும் மனம் வரவில்லை.

மகள் கணக்கில் கெட்டிக்காரி. தமிழில் ஒற்று விடுவாள், சண்டையில் விடமாட்டாள். பக்கத்து இடத்தில் மேட்டுக்குப்பத்து ஜெயப்ரியாவை உட்கார வைத்திருக்கிறேன். "ஜெயா" என்று கூப்பிட்டால் இரண்டும் திரும்புகின்றன, அதற்கே தினம் ஒரு வழக்கு. போன வாரம் இரண்டும் ஒரே டப்பாவில் சாப்பிட்டதைப் பார்த்தேன். பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

இனி வந்த விஷயம். ஆகஸ்ட் ஐந்தோடு மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முந்தின சனிக்கிழமை, இரண்டாம் தேதி, பள்ளியில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. செத்துப்போன ஒன்பது பேருக்காகவும் ஜெபம், பிறகு இரண்டு குப்பத்தாரும் ஒரே பந்தி. மேட்டுக்குப்பத்திலிருந்து சிலர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் தோப்புக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் "கங்கம்மா வந்தா வர்றோம்" என்கிறார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் உட்காராமல் நாங்கள் எப்படி உட்காருவது என்கிறார்கள்.

ஜீவானந்தம் போனதிலிருந்து நீங்கள் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. வாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வெள்ளத்தன்று மொட்டை மாடியிலிருந்து என்னை அண்ணன் படகில் இறக்கியதும், அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் குரோம்பேட்டையில் உங்களிடம் மீன் வாங்கியதும் அப்படியே நினைவில் இருக்கிறது. இப்போது வண்டிக்காரனிடம் வாங்குகிறேன். என் வீட்டுக்காரர் ஜோனத்தான் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. நன்றாக இருந்தால் சொல்லுவார்.

அன்புடன்,
ஜெரூஷா


போர்டு குடியிருப்பு, ஜி பிளாக்,
முடிச்சூர்
25.06.2025

டீச்சருக்கு கங்கம்மா எழுதிக்கொள்வது,

உங்க கடுதாசி கெடச்சது. எட்டாங்கிளாசோட நின்ன கை இது. தப்பு இருந்தா சிவப்பு மையில சுழிச்சு மகள் கையில குடுத்து அனுப்பிடாதீங்க, மானம் போயிடும்.

கரையிலருந்து இங்க கொண்டாந்து குடிவெச்சாலும் எங்க பொழப்பு கடல்தானே, தடைக்காலம் முடிஞ்சு இவர் போயிட்டார். போனா பத்து நாள். வீட்டுல இருந்தாலும் பேச்சு கிடையாது, அதனால ரெண்டும் ஒண்ணுதான். வண்டிக்காரன்கிட்ட மீன் வாங்கறதா எழுதியிருக்கீங்க. செவுள தூக்கிப் பாத்து வாங்குங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். நீங்க விலைய மட்டும்தான் கேப்பீங்க.

சாப்பாட்டு விஷயம். ஜெயஸ்ரீ வேணா வரட்டும். நான் வரலை. மேட்டுக்குப்பத்துக்காரங்க வர்றாங்கன்னு இல்ல டீச்சர். எங்க குப்பத்துப் பசங்களும் அன்னிக்கு சும்மா இல்ல, அது எனக்குத் தெரியும். அவங்க வீட்டு எழவுக்கு நான் போகல, என் வீட்டு எழவுக்கு அவங்க வரல, அவ்வளவுதான்.

ஆனா முனியம்மா வருவாளா இல்லையா? வேன் ஓட்டின குப்புராஜு பொண்டாட்டி. அவ வர்ற எடத்துல நான் சோத்துல கை வெக்க மாட்டேன். தெனமும் ரெண்டு குப்பத்துப் புள்ளைங்களும் கலந்துதான் வேன்ல வரும். அன்னிக்கு மட்டும் எங்க புள்ளைங்களை ஒரு வேன்லயும் அவன் குப்பத்துப் புள்ளைங்களை இன்னொண்ணுலயும் பிரிச்சு ஏத்தினான் அந்தப் பாவி, விசாரணையிலயே அப்படித்தான் எழுதியிருக்காங்க. ஏத்திகினு நேரா பாலத்தாண்ட அவன் ஆளுங்க நிக்கிற எடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி எறங்கிட்டான். அவனும் கல்லடி பட்டு செத்தான்னு சொல்றாங்க. செத்தா சரியாயிடுமா?

நானும் சும்மா விடலை. மீன் கூடைய ஒருத்தி மட்டும் தலைக்கு ஏத்த முடியாது. பக்கத்துல இருக்கிறவ ஒரு கை குடுத்துத் தூக்கி வுடணும். எதிரியா இருந்தாலும் கூடைக்குக் கை குடுக்கிறது எங்க வழக்கம். முனியம்மா கூடைய மட்டும் எவளும் தொடக்கூடாதுன்னு நான் சொல்லிட்டேன். மூணு வருஷமா எவளும் தொடறதில்ல. அவ குப்பத்துக்காரிங்களும் தொடறதில்ல, அவங்களுக்கு அவன் எங்க புள்ளைங்களை ஏத்திகினு போனான்னு கோவம். பாதிக் கூடை மீன் எடுத்துகினு தானே தூக்கிக்கினு போறா. பாதி வித்தா எத்தனை வயிறு ரொம்பும், ரொம்பட்டும்.

ஜெயஸ்ரீய ஒற்று விடாம எழுத வைங்க. அடிச்சாலும் கேக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கங்கம்மா


கிழக்குத் தாம்பரம்,
03.07.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. சுழிக்க எனக்கு இடமே வைக்கவில்லை.

முனியம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குப்புராஜ் பள்ளியில் ஆறு வருஷம் வேன் ஓட்டினார். மழை நாளில் சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி இறக்குவார். அப்படிப்பட்ட மனிதர் வேண்டுமென்று ஒன்று செய்திருப்பாரா என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமே. அந்த அமளியில் யார் எதைச் சொன்னார்கள், யார் எதைச் செய்தார்கள் என்று இன்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அந்த அம்மா இப்போது உங்கள் ஜி பிளாக்குக்கும் மேட்டுக்குப்பத்தார் எச் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகர வேலி ஓரத்தில், இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவராக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கூடை விஷயத்தில் மட்டும் மனசு இரங்கக் கூடாதா?

பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து அடிக்கடி ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். கலவரம் நடந்த இடத்தில் பிள்ளைகளை எப்படி ஒன்றாக உட்கார வைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெஞ்சுக்கு இரண்டு பேர், குப்பத்துக்கு ஒருவர். ஒருவர் வராவிட்டால் மற்றவர்தான் அவருக்கும் சேர்த்துப் பாடம் எழுதி, வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதலில் வேலியோடு நோட்டை வீசிவிட்டு ஓடின பிள்ளைகள் இப்போது உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்கள். தலைமையாசிரியர் சத்தியநாதன் சார் வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "எல்லாம் இந்த அம்மாவோட யோசனை" என்கிறார். போன மாதம் சால்வை போட்டார்கள். அதை பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன், வெளியே எடுப்பதில்லை.

வாருங்கள் அக்கா. முனியம்மா ஒரு மூலையில் உட்காரட்டும், நீங்கள் ஒரு மூலையில் உட்காருங்கள்.

அன்புடன்,
ஜெரூஷா


முடிச்சூர்
12.07.2025

டீச்சருக்கு,

மீன் வாங்கும்போதும் நீங்க இப்படித்தான். வேணாம்னு நேரா சொல்ல மாட்டீங்க. "வீட்ல கேட்டுட்டு வர்றேன் அக்கா"ன்னு நழுவுவீங்க. இந்தக் கடுதாசியும் அதே மாதிரி நழுவுது. குப்புராஜு நல்லவன்னு சொல்றீங்க, அவன் பண்ணலைன்னு சொல்லலை.

ஜெயஸ்ரீக்கு அன்னிக்குக் காய்ச்சல், வீட்டுல படுத்துகினு இருந்தா. அதனால வேன் எப்படிக் கெளம்புச்சுன்னு எனக்கு யார் வாயாலயும் சரியா தெரியாது. தம்பி மட்டும்தான் போனான். காலையில "அக்கா மட்டும் லீவு, எனக்கு மட்டும் ஸ்கூலா"ன்னு அழுதான். கூழ் ஊத்துற நாளு, சாயந்தரம் சீக்கிரம் வந்துடுவே, போடான்னு நான்தான் முதுகுல ஒண்ணு வெச்சு அனுப்பினேன். டீச்சர், அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவருக்குக்கூடத் தெரியாது. அந்த அடிய நெனச்சா இன்னிக்கும் எனக்கு என் கைய வெட்டிப் போடணும்போல இருக்கு.

அதுக்குத்தான் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு வேனாண்ட நீங்க நின்னீங்கன்னு ஜெயப்ரியா எங்க பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணு வேற வேன்ல போனவ. அப்ப நீங்க பாத்திருப்பீங்க. குப்புராஜு எங்க புள்ளைங்களைப் பிரிக்கும்போது வாயத் தொறந்து ஏதாவது சொன்னானா? ஏண்டா பிரிக்கிறேன்னு நீங்க கேட்டீங்களா? ஜீவா ஏதாவது சொன்னானா?

எனக்கு சால்வை கதை வேணாம். இதை மட்டும் எழுதுங்க. எழுதினா சாப்பாட்டுக்கு வர்றதைப் பத்தி யோசிக்கறேன்.

இப்படிக்கு,
கங்கம்மா


கிழக்குத் தாம்பரம்,
19.07.2025

கங்கம்மா அக்காவுக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இதற்கு முன் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் பாதியில் நழுவியிருந்தேன். நீங்கள் சொன்னது சரிதான், என் சுபாவமே அது.

பிள்ளைகளைப் பிரித்து ஏற்றியது குப்புராஜ் இல்லை. நான்.

அன்று இரண்டரை மணிக்கு ஆபீஸ் போன் விடாமல் அடித்தது. குடியிருப்பில் தகராறு, பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்புங்கள் என்றார்கள். நாலு மணி வேனுக்கு எப்போதும் நான்தான் டியூட்டி. சின்னவர்கள் ஒரு வேன், பெரியவர்கள் ஒரு வேன் என்று கலந்து போவதுதான் வழக்கம். நான் யோசித்தேன், அந்தந்தக் குப்பத்துப் பிள்ளைகளை அந்தந்த வேனில் ஏற்றினால் ஒரு வேன் மேட்டுக்குப்பத்து வாசலுக்கும் இன்னொன்று உங்கள் வாசலுக்கும் நேரே போய்விடும், யாரும் மற்றவர் பக்கம் இறங்க வேண்டியிருக்காது என்று. அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். "மேட்டுக்குப்பம் இந்தப் பக்கம், தோப்பு அந்தப் பக்கம்" என்று கத்தினேன். என் குரல்தான் அக்கா.

குப்புராஜ் ஓடிவந்தார். "டீச்சர், கலந்தே ஏத்துங்க. வண்டிக்குள்ள எல்லார் புள்ளையும் இருந்தா எவனும் கல்லு வுட மாட்டான். தன் புள்ள உள்ள கீதுன்னு பயப்படுவான்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ வண்டிய மட்டும் ஓட்டு" என்றேன். ஆறு வருஷம் "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்ட மனிதரை அன்று "நீ" என்றேன். அவர் சொன்னது சரி என்று அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு டிரைவர் எனக்கு யோசனை சொல்வதா என்ற எண்ணம்தான் அந்த நிமிஷத்தில் இருந்தது. வேறு காரணம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஜீவா என்ன சொன்னான் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்பு வரிசையில் நடுவில் நின்றுகொண்டு, "டீச்சர், நான் எந்தக் குப்பம்?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் விலாசத்தைப் பார்த்து, "நீ தோப்புடா" என்று சொல்லிக் கொடுத்தது நான். அவன் கூட்டாளி அந்த வேனில் ஏறிவிட்டான், நானும் அதிலேயே போகிறேன் என்றான். கையைப் பிடித்து இழுத்துவந்து இதில் ஏற்றினேன். ஜன்னல் ஓரம் வேண்டும் என்றான். சரி என்றேன்.

பாலத்தருகே மறித்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாமே தோப்புப் பிள்ளைகள். குப்புராஜ் இறங்கியது ஓடுவதற்கு இல்லை, கையை விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றிருக்கிறார். முதல் கல் அவர் தலையில்தான் விழுந்தது, அதற்கு அடுத்தவை ஜன்னலில். உள்ளே இருந்த பெரிய பிள்ளைகள் அப்படித்தான் என்னிடம் சொன்னார்கள். பிள்ளைகளை யாரும் விசாரிக்கவில்லை, அவர்கள் சொன்னதை நானும் வெளியே சொல்லவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள், பிள்ளைகளை ஏற்றியது யார் என்று கேட்டார்கள். சத்தியநாதன் சார், "வழக்கமா டிரைவர்தான் ஏத்துவார்" என்றார். அவர் என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, பள்ளியைக் காப்பாற்றச் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். எழுதியதன் கீழே கையெழுத்தும் போட்டேன். அதற்குள் குப்புராஜ் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுத்த வருஷம் முனியம்மா பள்ளி வாசலுக்கு வந்தார். "டீச்சர், எங்கூட்டுக்காரர் பிரிக்கலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், எங்களை வாழ விடுவாங்க" என்று கும்பிட்டார். "எனக்கு நினைவில்லைம்மா" என்றேன். சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு சமாதானத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். பெஞ்சில் கலந்து உட்கார வைக்கும் அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குப்புராஜ் சொன்னதைத்தான் நான் என் யோசனையாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதற்குத்தான் சால்வை.

நீங்கள் முதுகில் ஒன்று வைத்து அனுப்பினதை நினைத்துக் கையை வெட்ட வேண்டாம். எல்லா வீட்டிலும் நடப்பது அது. வெட்டுவதானால் வேறு கை இருக்கிறது.

வெட்கத்தோடு,
ஜெரூஷா


கிழக்குத் தாம்பரம்,
26.07.2025

அக்கா,

ஒரு வாரமாகப் பதில் இல்லை. ஜெயஸ்ரீயும் செவ்வாய்க்கிழமையிலிருந்து வரவில்லை. ஜெயப்ரியா அவளுக்கும் சேர்த்துப் பாடம் எழுதிக்கொண்டு வந்தாளாம், கதவு திறக்கவில்லை என்றாள்.

என்னைத் திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள். பிள்ளையின் படிப்பை நிறுத்தி என்னைத் தண்டிக்க வேண்டாம். வேறு பள்ளியில் சேர்ப்பதானால் சான்றிதழை நானே கொண்டுவந்து தருகிறேன். உங்கள் முன்னால் நிற்க வேண்டாம் என்றால் போஸ்டில் அனுப்புகிறேன்.

ஜெரூஷா


முடிச்சூர்
29.07.2025

டீச்சருக்கு,

ஜெயஸ்ரீ நாளைலருந்து வருவா. அவளை நிறுத்தினது உங்களைத் தண்டிக்க இல்ல. அவகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. ஞாயித்துக்கிழமை சொல்லிட்டேன். அவ உள்ளே போய்த் தம்பி பையை எடுத்து வெச்சுகினு உக்காந்துட்டா.

உங்க கடுதாசிய முதல் தடவை படிச்சதும் அடுப்புல போடப்போனேன். அப்புறம் போடலை. வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முனியம்மா தனியா நின்னுகினு இருந்தா, கீழே பாதிக் கூடை. கிட்ட போய், "தூக்கி வுடவா"ன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. "வேணாம், எனக்குப் பழகிப்போச்சு"ன்னா. ஒரு முட்டிய ஊனி, கூடைய மொதல்ல தொடையில ஏத்தி, அப்புறம் தோள்ல ஏத்தி, அப்புறம் தலையில வெச்சா. மூணு வருஷமா எப்படித் தூக்கறான்னு நான் ஒரு நாளும் நின்னு பாத்ததில்ல. ஊரே பாக்க நான் நடுவுல நின்னேன். எனக்கு அவ்வளவு அசிங்கமா இருந்தது.

சாயந்தரம் அவ வூட்டுக்குப் போனேன். வேலியத் தாண்டிப் போறதுக்கு எங்க ஆளுங்க கத்தினாங்க, போடின்னு போயிட்டேன். அவ சொன்னா: "எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரில ரெண்டு நாள் நெனவோட இருந்தாரு. கலந்து ஏத்தச் சொன்னேன் முனியம்மா, டீச்சரு கேக்கலைன்னு அதையே சொல்லிகினு இருந்தாரு. நான் சொல்லாத ஆளில்ல. உன் வாசல்லயும் வந்து சொன்னேன், நீ தண்ணிய எடுத்து ஊத்தினே. டீச்சருன்னா பொய் சொல்ல மாட்டாங்க, டிரைவர் பொண்டாட்டின்னா சொல்லுவான்னு நெனச்சீங்க."

ஆமா டீச்சர், ஊத்தினேன். மீன் கழுவின தண்ணி.

அதனால உங்களைத் திட்ட எனக்கு வாய் வரலை. வந்திருந்தா நல்லா திட்டியிருப்பேன். நீங்க தலையாட்டினது ஒரு நாள். நான் கூடையத் தொட விடாம பண்ணினது ஆயிரம் நாள்.

சனிக்கிழமை நான் வர்றேன். முனியம்மாவும் வருவா, என் பக்கத்துல உக்காருவாளோ மாட்டாளோ அது அவ இஷ்டம். நீங்க எனக்கு எழுதினதை எல்லார் முன்னாடியும் உங்க வாயால சொல்லணும். கடுதாசிய எடுத்துகினு வர்றேன். நீங்க நழுவினா நான் படிச்சுடுவேன்.

கங்கம்மா


கிழக்குத் தாம்பரம்,
04.08.2025

அக்காவுக்கு,

நீங்கள் கடிதத்தை வெளியே எடுக்கும்படி நான் வைக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

சத்தியநாதன் சார் காலையில் என்னைத் தனியே கூப்பிட்டு, "இதைச் சொன்னா மூணு வருஷமா கட்டினது இடிஞ்சுடும்மா" என்றார். அவர் பயந்தது நடந்துவிட்டதோ என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் சொல்லி முடித்ததும் ஒரு செருப்பு வந்து என் காலடியில் விழுந்தது. மேட்டுக்குப்பமா தோப்பா என்று தெரியவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சத்தம். சார் என்னைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டார். பரிமாறிய சோற்றை யாராவது சாப்பிட்டார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. முனியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விசாரணையில் நான் போட்ட கையெழுத்து பொய் என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலையை விடுவதாகவும் சாரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஜோனத்தானின் தங்கை சாராள் இருக்கிறாள். அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைக்கும் என்கிறாள். என்னை யாருக்கும் தெரியாத இடம். உங்கள் பிள்ளைகள் தினமும் என் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

ஜெயஸ்ரீக்குக் கணக்கு நோட்டில் மூன்றாம் பாடம்வரை திருத்தி வைத்திருக்கிறேன்.

ஜெரூஷா


முடிச்சூர்
08.08.2025

டீச்சருக்கு,

இது நானும் முனியம்மாவும் சேர்ந்து எழுதுறது. எழுதுற கை என்னுது, சொல்றதுல பாதி அவளுது.

நீங்க பின்வாசல்ல போனப்புறம் என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியணும். கொஞ்ச நேரம் எல்லாரும் உங்களைத் திட்டினாங்க. எங்க குப்பத்துக்காரி ஒரு வார்த்தை சொன்னா மேட்டுக்குப்பத்துக்காரி அதுக்கு மேல ஒண்ணு சொன்னா. மூணு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒத்துமையா பேசினது உங்களைத் திட்டத்தான். அப்புறம் திட்டு தீந்து போச்சு. சோறு ஆறிகினு இருந்தது. முனியம்மா எழுந்து, "எம் புருசன் பேரைச் சொல்லி ஒருத்தரும் இதுவரைக்கும் ஒரு வாய் சோறு வெக்கலை"ன்னா. கல்லு எறிஞ்ச பசங்களோட அம்மாக்களும் அங்கதான் இருந்தாங்க. நானும் இருந்தேன். எல்லாரும் தலையக் குனிஞ்சுகினு சாப்பிட்டோம். ஒரே பந்தின்னு நீங்க எழுதினீங்களே, அது அப்படித்தான் நடந்தது.

நீங்க வேலைய விடற சேதி செவ்வாக்கிழமை ஜெயஸ்ரீ சொல்லித் தெரிஞ்சது. புதன்கிழமை ரெண்டு குப்பத்துலருந்தும் பதினோரு பேர் சாரைப் பாக்கப் போனோம். உங்க கடுதாசிய வாங்கிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்தோம். உங்க மேல இரக்கப்பட்டுன்னு நெனச்சுக்காதீங்க. யாருக்கும் தெரியாத ஊருக்குப் போறேன்னு எழுதியிருக்கீங்க. முனியம்மாவுக்கு அப்படி ஒரு ஊர் கெடச்சுதா? இந்த வேலி ஓரத்துலயேதான் இருந்தா. எனக்குக் கெடச்சுதா? நீங்க போனா உங்களுக்கு நிம்மதி, இங்கயே கெடக்கிற எங்களுக்கு அது ஏது? இருங்க.

வேன் டியூட்டி நீங்கதான் பாக்கணும். வேற யாரும் வேணாம். தெனமும் சாயந்தரம் ரெண்டு குப்பத்துப் புள்ளைங்களையும் கலந்து உங்க கையால ஏத்தி விடணும். எந்தப் புள்ள எந்தக் குப்பம்னு கேக்கக் கூடாது. டிரைவரை அண்ணான்னு கூப்பிடணும். இது முனியம்மா சொன்னது. மன்னிப்பு பத்தி நீங்க கேட்டா, அதை இப்ப கேக்காதீங்கன்னு சொல்லச் சொன்னா. எனக்கும் அப்படித்தான்.

இனிமே கடுதாசி எழுத வேணாம். ஜெயஸ்ரீ விஷயம் ஏதாவது இருந்தா அவ நோட்டுல எழுதி அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். வெள்ளத்துல படகுல ஏத்தினது, சனிக்கிழமை மீனு, அதெல்லாம் இனி பேச வேணாம் டீச்சர். அதை நெனச்சா எனக்கு உங்க மேல கோவம் கொறைய ஆரம்பிக்குது, அது எனக்கு இப்ப பிடிக்கலை.

திங்கட்கிழமையிலருந்து நாலு மணிக்கு ஸ்கூல் கேட்டாண்ட நான் வந்து நிப்பேன். உங்களைப் பாக்க இல்ல, வேனைப் பாக்க.

கங்கம்மா
முனியம்மா (கைநாட்டு)